மூன்று முறை அறுந்த சாட்சி

அத்தியாயம் 4

"அப்டேட் பண்ணதுலேருந்துதான் இப்படி" என்று அன்று காலையில் நலியாகாவிடம் சொன்ன ஐந்தாவது ஆள், வக்கீல் அலுவலகக் கட்டடத்தின் காவல்காரர்.

படியேறப் போன நலியாகா திரும்பித் தெருவில் இறங்கி நடந்தாள். பின்னாலேயே வந்த சிதாத்தி விரல் விட்டு எண்ணினான்.

"வக்கீல் போன்ல சொன்னார். குமாஸ்தா சொல்லுச்சு. எதிர்த்தரப்பு வக்கீல் சிரிச்சுக்கிட்டே சொன்னார். மந்தாசி சுட்டு விக்கிற அம்மா எண்ணெய்ச் சட்டியிலேருந்து தலையைக்கூடத் தூக்காம சொன்னாங்க. இப்ப வாட்ச்மேன். இன்னும் ஆடு மாடுதான் மேடம் பாக்கி."

"ஆடு மாடு யோசிச்சுச் சொல்லும்" என்றாள் நலியாகா.

விவகாரம் இதுதான். கிட்டாலே ஊரின் பழைய சந்தை நிலம் தன்னுடையது என்று முக்வானா என்கிற காண்டிராக்டர் ஒரு பத்திரத்தை நீட்டினான். அங்கே தக்காளியும் பழைய துணியும் கருவாடும் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு சாட்சி. பெயர் தெக்லா. நிலப் பதிவேடுகள் வைத்திருக்கும் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பதிவேட்டில் பக்கத்தைக் கிழித்து வேறு பக்கத்தை ஒட்ட வந்த ஆளைக் கண்ணால் பார்த்தவள்.

பாதி வழக்கில் நீதிபதி மொம்பாசாவுக்கு மாற்றலாகிப் போனார். மிச்ச விசாரணை வீடியோவில் என்று முடிவானது. சந்தைப் பெண்களின் வக்கீல் ஒன்ஸேரேயின் அறையில், அவருடைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தெக்லா சாட்சி சொல்ல வேண்டும். மூன்று முறை உட்கார்ந்தாள். மூன்று முறையும் வைஃபை அறுந்தது. நீதிபதிக்குச் சலித்துவிட்டது. இன்று மதியம் இரண்டு மணிதான் கடைசி வாய்ப்பு, இன்றும் அறுந்தால் இந்தச் சாட்சி இல்லாமலே தீர்ப்பு என்று சொல்லிவிட்டார்.

சந்தைப் பெண்களின் தலைவி ரோசலின் அதன் பிறகுதான் துப்பறியும் வேலை செய்கிற நலியாகாவைத் தேடி வந்தாள். நலியாகா முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரியாத கடை எரிந்ததாகவும் சாகாத பசு செத்ததாகவும் வந்த மனுக்களை ஒன்பது வருடம் படித்ததில், மனிதர்கள் மேல் அவளுக்கு ஒரு நிரந்தர இளக்காரம் வந்திருந்தது. அவளுடைய உதவியாளன் சிதாத்தி பதினெட்டு வருடம் மினி பஸ்ஸில் கண்டக்டராகத் தொங்கியவன். அவனுடைய இளக்காரம் இன்னும் பழையது.

இருவரும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ரிப்பேர் கடைக்குப் போனார்கள். கடைக்காரன் கிப்செரெம் முப்பது வயதுக்காரன். லேப்டாப்பை அப்டேட் செய்தவன் அவன்தான். வாசலில் இரண்டு கருவாட்டுக்காரிகள் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவன் எங்கேயும் ஓடிவிடாமல் காவல் இருந்தார்கள். ரோசலின் உள்ளே நின்றிருந்தாள். கிப்செரெமின் மோட்டார் சைக்கிள் சாவி அவள் இடுப்புத் துணி முடிச்சில் தொங்கியது.

"நான் முக்வானாகிட்ட காசு வாங்கினேனாம். என் கடையைப் பாருங்க மேடம். காசு வாங்கினவன் கடை மாதிரியா இருக்கு?" என்றான் கிப்செரெம்.

சிதாத்தி சுற்றிலும் பார்த்தான். செத்த போன்கள், திறந்த வயிற்றோடு ஒரு டிவி, ஒரு கால் ஆடுகிற மேஜை.

"மேடம், இவருக்குக் காசு குடுக்கப் போறவன்கூட மனசு மாறித் தர்மம் பண்ணிட்டுப் போயிடுவான்."

நலியாகா கிப்செரெமின் எதிரில் உட்கார்ந்தாள். "அப்டேட்டுக்கு அப்புறம் லேப்டாப்புக்கு என்ன ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க தம்பி."

"முதல் தடவை அறுந்தது என் தப்புதான். ஒத்துக்கறேன். அப்டேட் ஆனதும் அதுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துடுச்சு. சார்ஜர் இல்லாம ஓடும்போது, பேட்டரியை மிச்சம் பிடிக்கறேன்னு வைஃபையைத் தூங்க வெச்சுடும். அதுவா முழிச்சுக்கும், திரும்பத் தூங்கிடும். வைஃபைக்கு இருந்த டிரைவரும் பழசு, புது சிஸ்டத்தோட ஒத்துப் போகல. புது டிரைவர் போட்டேன். அந்தத் தூங்கற செட்டிங்கை அணைச்சேன். அப்புறம் மூணு நாள் இதே மேஜைல ஓடவிட்டேன். ஒரு புட்பால் மேட்ச் முழுசா ஓடுச்சு, எக்ஸ்ட்ரா டைமோட. ஒரு தடவைகூட அறுந்து போகல."

"யார் ஜெயிச்சாங்க?" என்றான் சிதாத்தி.

"அது முக்கியமா?"

"நீங்க மேட்ச் பாத்தீங்களா, கதை விடறீங்களான்னு தெரியணுமே."

"பெனால்டில நம்ம பசங்க தோத்துட்டாங்க."

சிதாத்தி நலியாகாவிடம் திரும்பினான். "நெஜம்தான் மேடம். பொய் சொல்றவன் ஜெயிச்சதா சொல்லுவான்."

நலியாகா ரோசலினைப் பார்த்தாள். "நீங்க மூணு தடவையும் அந்த ரூம்ல இருந்தீங்களா அக்கா?"

"பின்னே? எங்க நிலம். நான் இல்லாம வேற யார் இருப்பா?"

"முதல் நாள் எத்தனை தடவை அறுந்துச்சு?"

"ஏழெட்டு இருக்கும். தெக்லா பேரைச் சொல்லும்போது ஒண்ணு, ஊரைச் சொல்லும்போது ஒண்ணு. வரும், போகும். கடைசில நீதிபதி அம்மா எழுந்து போயிட்டாங்க."

"ரெண்டாவது நாள்?"

"ஒரே தடவை. போனது போனதுதான். திரும்ப வரல."

"மூணாவது நாள்?"

"அதே மாதிரி. ஒரே தடவை."

"எந்த இடத்துல?"

ரோசலின் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது.

"பதிவேட்டைக் கொண்டு வந்தது யாருன்னு வக்கீல் கேட்டார். தெக்லா வாயைத் திறந்தா. அந்த இடத்துல."

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்."

"ரெண்டு நாளும் ஒரே நேரமா?"

"இல்ல. ஒரு நாள் ஆரம்பிச்ச உடனே கேட்டார். இன்னொரு நாள் அரை மணி கழிச்சு."

நலியாகா எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

"முதல் நாள் வந்தது விக்கல். அடுத்த ரெண்டு நாள் யாரோ கழுத்தை நெரிச்சிருக்காங்க. ஊர்ல எல்லாரும் அப்டேட், அப்டேட்டுன்னு கத்தறாங்களே, ஒருத்தருக்காவது தோணிச்சா? ஒரு அப்டேட்டுக்கு எந்தக் கேள்வி முக்கியம்னு எப்படித் தெரியும்? அது எப்ப சட்டம் படிச்சுது?"

கிப்செரெம் எழுந்து நின்றான்.

"தம்பி, நீங்களும் எங்களோட வாங்க" என்றாள் நலியாகா.

கருவாட்டுக்காரிகள் முக்காலியை எடுத்துக்கொண்டு வழி விட்டார்கள்.

~

ஒன்ஸேரேயின் அறை முதல் மாடியில் இருந்தது. அவர்கள் போனபோது மணி ஒன்றரை. வக்கீல் போனில் பேசியபடியே தலையசைத்தார், பேசியபடியே நாற்காலியைக் காட்டினார், பேசியபடியே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் போன் அவர் உடம்பில் முளைத்த இன்னொரு காது என்று சிதாத்தி நினைத்துக்கொண்டான்.

பேசி முடித்ததும் அவர் அவர்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இருபத்துநாலு வருஷமா வக்கீலா இருக்கேன். வைஃபைக்கு டிடெக்டிவ் வெச்ச கட்சிக்காரங்களை இப்பத்தான் பாக்கறேன்."

"எங்களுக்கும் புதுசுதான் சார்" என்றான் சிதாத்தி. "வழக்கமா ஓடிப்போன புருஷனைத் தேடுவோம். ஓடிப்போன சிக்னலைத் தேடறது இதான் முதல் தடவை."

வக்கீல் சிரிக்கவில்லை. கிப்செரெமைக் கண்டதும் அவர் உதடு கோணியது. "இந்தாளையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க. கெடுத்தவனே வந்து சரி பண்ணுவானா? அப்டேட் பண்ணதுலேருந்துதான்..."

"ஆறு" என்றான் சிதாத்தி, நலியாகாவுக்கு மட்டும் கேட்கும்படி.

தெக்லா ஏற்கனவே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நீலக் கோட்டு, மடியில் கைப்பை, கைப்பைமேல் கோத்த விரல்கள். மூன்று முறை வாயடைக்கப்பட்ட பெண்ணுக்கு இருக்க வேண்டிய கோபம் அவளிடம் இல்லை. கூச்சம்தான் இருந்தது, தன் குரலில்தான் ஏதோ கோளாறு என்பது போல.

சிதாத்தி கண்ணால் அறையை அளந்தான். ஒரு பெரிய மேஜை. சுவர் மூலையில் ரூட்டர், அதன்மேல் 'ஒன்ஸேரே' என்று வைஃபை பெயரை எழுதி ஒட்டிய காகிதம். பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் டீ கெட்டில். அந்தச் சுவருக்கு மொத்தமும் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்.

ஒன்றே முக்காலுக்கு வக்கீல் தானே லேப்டாப்பைத் திறந்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. போனை லேப்டாப்பின் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்தார். திரையில் மொம்பாசா கோர்ட்டு அறை தெரிந்தது. நீதிபதியின் நாற்காலி காலி. ஒரு எழுத்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மைக்கை அணைத்துவிட்டு வக்கீல் குரல் கொடுத்தார். "வயலட், எல்லாருக்கும் டீ."

குமாஸ்தா வயலட் வந்தாள். ஒல்லியான, அதிர்ந்து பேசாத பெண். நேராக மூலைக்குப் போனாள். குனிந்தாள். ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் கெட்டிலின் பிளக்கைச் செருகினாள்.

சிதாத்திக்கு நெஞ்சு துள்ளியது. இவ்வளவுதானா? ஒரு சந்தை நிலமும், ஒரு ரிப்பேர்க்காரன் மானமும், மூன்று விசாரணையும் ஒரு டீக்காகவா போயின? வெற்றியோடு எழுந்திருக்கப் பார்த்தான். நலியாகாவின் செருப்பு அவன் கால்விரல்மேல் ஏறி நின்றது.

"உக்காருங்க" என்றாள் உதடு அசையாமல்.

"மேடம், கெட்டில். கண்ணால பாத்தேன்."

"நானும் பாத்தேன். இப்ப ஸ்க்ரீனைப் பாருங்க."

சிதாத்தி பார்த்தான். ரூட்டரின் பச்சை விளக்குகள் அணைந்துவிட்டன. திரையில் மொம்பாசா எழுத்தர் கொட்டாவி விட்டார். கைக்குட்டையை மடித்தார். இன்னொரு ஃபைலை எடுத்தார். படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"ரூட்டர் செத்தாச்சு. லேப்டாப் யாரோட மூச்சுல பேசுது?" என்றாள் நலியாகா.

சிதாத்தி கண்டுபிடித்த துப்பு அவன் கண்முன்னாலேயே கொதித்து ஆவியாகிப்போனது.

ஒன்ஸேரே கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் போட்டுக்கொள்ள உள் அறைக்குப் போனார். கதவு சாத்திய பிறகுதான் சிதாத்திக்கு உறைத்தது. போன் மேஜைமேலேயே இருந்தது. இன்னொரு காதைக் கழற்றி வைத்துவிட்டு மனிதர் எப்படிப் போனார்?

நலியாகா கிப்செரெமிடம் சாய்ந்தாள். "உங்க போன்ல வைஃபை பட்டியலைத் திறங்க. என்ன தெரியுது?"

கிப்செரெம் பார்த்தான். திகைத்தான். "ஒன்ஸேரேன்னு காட்டுது மேடம். சிக்னல் முழுசா இருக்கு. ஆனா ரூட்டர்தான் ஆஃப் ஆயிடுச்சே."

"ஆள் செத்தப்புறம் பேர் மட்டும் ஊர் சுத்துது" என்றாள் நலியாகா. "லேப்டாப்பை அதுலேருந்து கழட்டிடுங்க. ரோசலின் அக்கா, உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போடத் தெரியுமா?"

"தக்காளி விக்கிறவளுக்குப் போன் தெரியாதுன்னு நெனச்சியா?" ரோசலின் அதற்குள் போட்டுவிட்டு, போனைத் தன் கூடையில் முட்டைகோஸுக்கு நடுவில் வைத்தாள்.

கிப்செரெமின் விரல்கள் லேப்டாப்மேல் ஓடின. மொம்பாசா எழுத்தர் ஒரு கணம் உறைந்தார், மறுபடி அசைந்தார். வக்கீல் அங்கியைச் சரிசெய்தபடி வெளியே வந்தபோது எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிப்செரெமின் போன் சிதாத்தியின் கையில் இருந்தது. திரையில் அந்தப் பட்டியல். பட்டியலின் தலையில் அந்தப் பெயர்.

"இதைப் பாத்துக்கிட்டே இருங்க" என்று நலியாகா சொல்லியிருந்தாள். "ஒரு கண்ணு இதுல. இன்னொரு கண்ணு ரூம்ல இருக்கற கைகள்ல."

~

சரியாக இரண்டு மணிக்கு நீதிபதி வந்து உட்கார்ந்தார். தெக்லா சத்தியப் பிரமாணம் எடுத்தாள். பெயர், ஊர், எத்தனை வருட வேலை, எந்தப் பிரிவு. ஒன்ஸேரே மெதுவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் திரையின் இன்னொரு கட்டத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாடகம் எங்கே முடியும் என்று தெரிந்தவரைப் போல.

"அந்த வெள்ளிக்கிழமை நீங்க ஆபீஸ்ல தனியா இருந்தீங்க?"

"ஆமா."

"அப்ப ஒருத்தர் பதிவேட்டைக் கையில எடுத்துட்டு வந்தார்."

"ஆமா."

"பதிவேட்டைக் கொண்டு வந்த அந்த ஆள் யார்?"

கேட்டுக்கொண்டே ஒன்ஸேரே இடது கையை ஃபைலுக்கு அடியில் விட்டார். ஃபைலுக்கு அடியில் போன் இருந்தது. பெருவிரல் ஒரு முறை அசைந்தது.

சிதாத்தியின் கையிலிருந்த பட்டியலில் 'ஒன்ஸேரே' காணாமல் போனது.

தெக்லா வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். பழக்கதோஷம். இந்த இடத்தில் தன் குரல் யாருக்கும் கேட்பதில்லை என்று அவளுக்குப் பாடமாகியிருந்தது.

வக்கீலுக்கும் பாடமாகியிருந்தது. திரையைப் பார்க்காமலே உதட்டைப் பிதுக்கினார். "பாத்தீங்களா, மறுபடியும் போச்சு. என்ன கண்றாவி அப்டேட்டோ."

"எனக்கு நல்லாக் கேக்குது மிஸ்டர் ஒன்ஸேரே" என்றார் நீதிபதி.

எதிர்த்தரப்பு வக்கீல் நகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

ஒன்ஸேரேயின் பெருவிரல் ஃபைலுக்கு அடியில் இன்னொரு முறை அசைந்தது. இன்னொரு முறை. சிதாத்தியின் திரையில் அந்தப் பெயர் வந்தது, போனது, வந்தது, போனது. நீதிபதியின் முகம் அசையாமல் அங்கேயே இருந்தது.

"மை லேடி," ஒன்ஸேரே தொண்டையைச் செருமினார், "நேரத்தை மிச்சப்படுத்த இந்தக் கேள்வியை நான் விட்டுடறேன்."

"நான் விடறதா இல்ல. இந்தக் கேள்வி மூணாவது தடவையா என் காதுல விழுது, பதில்தான் இன்னும் கேட்டபாடில்ல. அம்மா, நீங்க சொல்லுங்க. பதிவேட்டைக் கொண்டு வந்தது யார்?"

தெக்லா ரோசலினைப் பார்த்தாள். ரோசலின் தலையசைத்தாள்.

"ஜோசம் முக்வானா" என்றாள் தெக்லா. "பையில பசை பாட்டில் வெச்சிருந்தார். நாற்பத்தோராம் பக்கத்தை என் மேஜைமேலயே கிழிச்சார். கூடாதுன்னு சொன்னேன். சீக்கிரம் ரிட்டயர் ஆகப் போறே, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருன்னார். கிழிச்ச பக்கத்தைக் குப்பைக் கூடைல போட்டுட்டுப் போனார். நான் எடுத்து வெச்சிருக்கேன்."

கைப்பையைத் திறந்து, நாலாக மடித்து ஓரம் பழுத்திருந்த ஒரு தாளை விரித்துக் கேமரா முன்னால் பிடித்தாள்.

அந்தத் தாளைப் பற்றி ரோசலினுக்கே தெரியாது. "இதை ஏன்டி சொல்லல?" என்றாள், வாயில் கை வைத்தபடி.

"எங்க சொல்ல விட்டாங்க?"

நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு பத்து நிமிடம் இடைவேளை என்றும், யாரும் லைனை விட்டுப் போகக் கூடாது என்றும் சொல்லி எழுந்தார். நலியாகா கையை நீட்டி மைக்கை அணைத்தாள்.

"சார், ஃபைலுக்கு அடியில இருக்கற போனைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

"எதுக்கு?"

"ரூட்டரோட பேரையும் பாஸ்வேர்டையும் உங்க போன் ஹாட்ஸ்பாட்டுக்கும் வெச்சிருக்கீங்க. விசாரணை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டீ கேட்டீங்கன்னா ரூட்டர் செத்துடும். லேப்டாப் பக்கத்துல இருக்கற உங்க போன்ல ஓடும். வேணும்கற இடத்துல நீங்க மூக்கைப் பொத்துவீங்க. எல்லாரும் போனப்புறம் ரூட்டரைத் திரும்பச் செருகினா, கிப்செரெம் வந்து பாக்கும்போது எல்லாம் சரியா இருக்கும். பழி அப்டேட்டுக்கு."

ஒன்ஸேரே கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "ஹாட்ஸ்பாட் வெச்சுக்கறது குற்றமா? லைன் போனா உதவும்னு வெச்சேன். பேட்டரி தீரப் போகுதுன்னு அணைச்சேன்."

சிதாத்தி குனிந்து ஃபைலுக்கு அடியிலிருந்த போனை எடுத்தான். "தொண்ணூத்திரண்டு சதவீதம். என் பஸ்ல டிக்கெட் எடுக்காம வந்தவங்ககூட இதைவிட நல்லாப் பொய் சொல்லுவாங்க சார்."

"முதல் நாள் லேப்டாப் நெஜமாவே கெட்டிருந்துச்சு" என்றாள் நலியாகா. "அதுதான் உங்களுக்கு வழி காட்டுச்சு. சொந்தமா ஒரு யோசனைகூட இல்ல. ஒரு மெஷின்கிட்ட துரோகத்தைக் கத்துக்கிட்டிருக்கீங்க."

"நிரூபிங்க பாக்கலாம். நான் முக்வானாவைப் பாத்ததே கிடையாது."

கதவருகே ஒரு குரல் கேட்டது. அதிர்ந்து பேசாத குரல்.

"முதல் நாள் சாயந்தரம் ஆறு மணிக்கு அவர் இங்க வந்தார்" என்றாள் வயலட். "நான்தான் டீ குடுத்தேன். கெட்டில் அதுவரைக்கும் பின்னறைலதான் இருந்துச்சு. மறுநாள் அதை இந்த மூலைக்குக் கொண்டுவரச் சொன்னது சார்தான். ஏன்னு கேட்டேன். உனக்கு எதுக்கு அதெல்லாம்னார்."

ஒன்ஸேரே அவளைப் பார்த்தார். ஆறு வருடமாக அந்த அறையில் இருந்த நாற்காலி ஒன்று திடீரென்று பேசியதைப் போலப் பார்த்தார். பிறகு வேகமாக ஃபைலை மூடி எழுந்தார். ரோசலின் கூடையோடு போய் வாசலில் நின்றுகொண்டாள். அவள் அகலத்துக்கு அந்த வாசல் சரியாக இருந்தது.

"நீதிபதி யாரும் போகக் கூடாதுன்னாங்க" என்றாள்.

திரையில் நீதிபதி வந்து உட்கார்ந்தார். நலியாகா மைக்கைத் திறந்தாள். ரோசலின் சிதாத்தியை வாசலில் நிறுத்திவிட்டு, தெக்லாவின் தோள்மேல் கை ஊன்றி லேப்டாப்புக்கு முன்னால் குனிந்தாள்.

"அம்மா, நான் ரோசலின் நங்கிலா. இந்த வழக்குல முதல் வாதி. எனக்கு வக்கீலை மாத்தணும்."

"இந்தக் கட்டத்துலயா? என்ன காரணம்?"

ரோசலின் நகர்ந்து, திரைக்கு முன்னால் இருந்த இடத்தை ஒன்ஸேரேக்கு விட்டாள்.

"இவர்கிட்டயே கேளுங்கம்மா. லைன் இப்ப நல்லா இருக்கு."